துணைக் கணக்குப் புத்தகங்களை எந்த வேகத்தில் கொண்டுபோவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது மகளுக்கு வீட்டிலேயே மூன்றாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருகிறீர்கள். பாடப்புத்தகம் ஒன்று, அதோடு வரும் பயிற்சி ஏடு ஒன்று. இவை போதாது என்று இரண்டு துணைப் புத்தகங்களும் வாங்கியிருக்கிறீர்கள்: ஒன்று நிறையக் கணக்கு போட்டுக் கை பழக, இன்னொன்று யோசிக்க வைக்கும் வார்த்தைக் கணக்குகள். ஒரு பாடத்தைத் தொடங்கினால் அதற்குரிய பக்கங்களை எல்லாப் புத்தகங்களிலும் முடித்துவிட்டுத்தான் அடுத்த பாடம். பாதி வருடம் போய்விட்டது, 12 பாடங்களில் 4தான் முடிந்திருக்கின்றன. மகள் உட்கார்ந்ததுமே “இன்னும் எத்தனை பக்கம்?” என்று கேட்கிறாள். துணைப் புத்தகங்களை விட்டுவிடலாமா, இல்லை தினமும் உட்காரும் நேரத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். துணைப் புத்தகங்களைப் பாடத்துக்குப் பின்னால் தள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் ஏழாவது பாடம் நடக்கும்போது கை பழகும் புத்தகத்தில் ஐந்தாவது பாடம் நடக்கட்டும். யோசிக்க வைக்கும் புத்தகம் அதற்கும் பின்னால், கிட்டத்தட்ட அரை வருடம் தள்ளிக்கூட வரலாம். இந்த ஒரு மாற்றத்திலேயே பிரச்சினையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஏன் என்று முதலில் சொல்கிறேன், அப்புறம் நடைமுறைக்கு வரலாம்.

பெருக்கல் பாடத்தை முடித்த கையோடு துணைப் புத்தகத்திலும் பெருக்கல் பக்கத்தைத் திறந்தால், குழந்தை கணக்கைப் படிக்கவே வேண்டியதில்லை. பக்கத்தின் தலைப்பே ‘பெருக்கு’ என்று சொல்லிவிடுகிறது. இந்தக் கணக்கைப் பாருங்கள். “அண்ணனிடம் உள்ள ஸ்டிக்கர்கள் தங்கையிடம் உள்ளவற்றைப் போல் 3 மடங்கு. தங்கையைவிட அண்ணனிடம் 48 ஸ்டிக்கர்கள் அதிகம். இருவரிடமும் சேர்த்து எத்தனை?” பெருக்கல் பாடத்தின் நடுவில் இதைக் கொடுத்தால், ‘3 மடங்கு’ என்பதைப் பார்த்த உடனே 48ஐ 3ஆல் பெருக்கி 144 என்று எழுதிவிடும் குழந்தைகள் நிறையப் பேர். நீங்கள் திருத்துவீர்கள், அவளும் தலையாட்டுவாள், அடுத்த கணக்குக்குப் போவீர்கள். அடுத்ததும் பெருக்கல்தான் என்பதால் அது சரியாக வந்துவிடும்.

இதே கணக்கை இரண்டு மாதம் கழித்து, நிறுத்தல் அளவை நடக்கும் ஒரு வாரத்தில், ஒரு கழித்தல் கணக்குக்கும் ஒரு வகுத்தல் கணக்குக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். கூட்டுவதா, கழிப்பதா, பெருக்குவதா என்று இப்போது அவளேதான் முடிவெடுக்க வேண்டும். தங்கைக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு அதே அளவில் மூன்று கட்டம் வரையச் சொல்லுங்கள். அண்ணனிடம் கூடுதலாக நிற்கும் இரண்டு கட்டங்கள்தான் அந்த 48 என்பது கண்ணுக்கே தெரியும். ஒரு கட்டம் 24, மொத்தம் நான்கு கட்டங்கள், விடை 96. பெருக்கத் தெரிவது ஒன்று, எங்கே பெருக்க வேண்டும் என்று தெரிவது வேறொன்று. பாடத்தோடு ஒட்டிப் போடும் துணைப் பக்கங்கள் முதலாவதைத்தான் மறுபடி மறுபடி சோதிக்கின்றன, அதுதான் அவளுக்கு ஏற்கெனவே வருகிறதே!

இது என் அனுபவம் மட்டும் இல்லை. டக் ரோரர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பு மாணவர்கள் சுமார் மூன்று மாதம் கணக்குப் பயிற்சி செய்தார்கள். சில வகைக் கணக்குகளை ஒரே வகையாகச் சேர்த்துப் போட்டார்கள், சில வகைகளை மற்றவற்றோடு கலந்து போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரு திருப்புதல். மறுநாள் தேர்வு எழுதியவர்கள் கலந்து பயின்ற வகையில் 80 சதவீதமும், சேர்த்துப் பயின்ற வகையில் 64 சதவீதமும் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து எழுதியவர்களிடம் அது 74க்கு 42 என்று ஆகிவிட்டது. மறுநாள் 16 புள்ளியாக இருந்த இடைவெளி ஒரு மாதத்தில் 32 புள்ளியாக, சரியாக இரு மடங்காக விரிந்திருக்கிறது. பாடம் முடிந்த அன்றைக்கு எல்லாமே வந்தமாதிரி தெரிவதும், இரண்டு மாதம் கழித்து “இதை நாம் படிக்கவே இல்லையே” என்று குழந்தை சொல்வதும் இதனால்தான்.

எவ்வளவு தள்ளுவது என்பதற்கும் ஓரளவு வழிகாட்டல் இருக்கிறது. 2008இல் நிக்கோலஸ் செப்பீடாவும் சக ஆய்வாளர்களும் ஒரு விஷயத்தை முதலில் படித்ததற்கும் திரும்பப் படித்ததற்கும் இடையே எவ்வளவு நாள் விட்டால் நன்றாக நினைவில் நிற்கிறது என்று பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீத இடைவெளியும், ஒரு வருடம் கழித்துத் தேர்வு என்றால் 5 முதல் 10 சதவீத இடைவெளியும் நல்ல பலன் தந்தன. ஒரு வருடத்தில் 5 முதல் 10 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 18 நாளிலிருந்து 36 நாள் வரை. அவர்கள் சோதித்தது பொது அறிவுத் தகவல்களை, கணக்கை இல்லை. அதனால் நாள் எண்ணி இதைக் கடைப்பிடிக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த வருடமும் நினைவில் நிற்க வேண்டிய விஷயத்தை மறுநாளே திருப்புவதைவிட மூன்று நான்கு வாரம் விட்டுத் திருப்புவது நல்லது என்ற திசை தெளிவாக இருக்கிறது. வீட்டில் சொல்லித் தருபவர்களிடம் நான் சொல்வதும் இந்த அளவுதான்: கை பழகும் புத்தகம் நான்கிலிருந்து ஆறு வாரம் பின்னால்.

யோசிக்க வைக்கும் புத்தகத்தை மட்டும் ஏன் அரை வருடம் தள்ளச் சொல்கிறேன்? அந்தப் புத்தகத்தில் சிரமம் யோசனையில் இருக்க வேண்டும். 7 × 8 எவ்வளவு என்று தேடுவதிலேயே தலை நிறைந்துவிட்டால், கணக்கு எதைக் கேட்கிறது என்று பார்க்க இடமே இருக்காது. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் கையில் ஓடத் தொடங்கிய பிறகு அதே கணக்கைக் கொடுத்தால், குழந்தை முழுக் கவனத்தையும் கணக்கின் அமைப்பில் வைக்க முடியும். முதல் பருவத்தில் திக்கித் திணறி அழுத கணக்கை அடுத்த பருவத்தில் பத்து நிமிடத்தில் போட்டுவிட்டு “இது ஈஸி” என்று சொல்லும் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இடையில் யாரும் அந்தக் கணக்கைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தள்ளக் கூடாதவையும் உண்டு. முக்கியமானது வாய்பாடு. அது தினமும் கொஞ்சம் வாயில் இருக்க வேண்டிய விஷயம். அதற்குத் தனியாக ஒரு புத்தகம் தேவையே இல்லை. 1 முதல் 10 வரை பெருக்கல் அட்டவணையில் 100 கட்டங்கள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 3 × 7ம் 7 × 3ம் ஒன்றுதான் என்று தெரிந்தால் 55 ஆகிவிடுகிறது. 1, 2, 5, 10 வாய்பாடுகள் எளிதில் வந்துவிடும். அவற்றை எடுத்துவிட்டால் 3, 4, 6, 7, 8, 9 ஆகிய எண்களுக்குள் வரும் 21 பெருக்கல்கள் மட்டும் மிச்சம். வாரத்துக்கு மூன்று என்று எடுத்தால் ஏழு வாரம். நடக்கும்போது, துணி மடிக்கும்போது கேட்டாலே போதும்.

நீள் வகுத்தலையும் அதிகம் தள்ளாதீர்கள். அதில் படிகள் நிறைய. ஒரு மாதம் தொடாமல் இருந்தால் எந்த எண்ணைக் கீழே இறக்குவது என்பதே மறந்துபோகும், அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பாடம் முடிந்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு நாள் விட்டு நாள் ஒரே ஒரு வகுத்தல் கணக்கு கொடுங்கள். அதன் பிறகு அதுவும் வழக்கமான இடைவெளிக்குப் போகலாம். நேரம் பார்ப்பது, நீள அளவை, கொள்ளளவு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் துணைப் பக்கங்களே தேவைப்படாது. கடிகாரமும் அளவுகோலும் கையில் இருந்தால் போதும்.

பாடம் நடக்கும்போதே குழந்தைக்குப் புரியவில்லை என்றால்? அப்போதுதான் பலரும் துணைப் புத்தகத்தை எடுக்கிறார்கள், இன்னும் ஐந்து பக்கம் போட்டால் புரிந்துவிடும் என்று. புரியாத ஒன்றை நிறையப் போட்டால் அது புரியாமலேயே கை பழகிவிடும். அந்த நேரத்தில் தேவைப்படுவது செய்து காட்டிய கணக்குகள். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். செய்து காட்டிய கணக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு அதேபோல் ஒன்றைப் போட்டவர்கள், எல்லாவற்றையும் தாமாகவே போட்டவர்களைவிடக் குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் இதைச் செய்வது சுலபம். நீங்கள் ஒரு கணக்கைப் பேசிக்கொண்டே போடுங்கள், அவள் அடுத்ததைப் பேசிக்கொண்டே போடட்டும். மூன்று ஜோடி முடிந்தால் அன்றைக்குப் போதும்.

இனி எவ்வளவு போடுவது என்பதற்கு வருவோம். ஒரு பக்கத்தில் 20 கணக்கு இருந்தால் 20ஐயும் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எல்லா வகைக் குழந்தைகளுக்கும் போதுமான அளவு இருக்கட்டும் என்றுதான் பதிப்பாளர்கள் அவ்வளவு அச்சிடுகிறார்கள். முந்தின நாள் இரவே பென்சிலால் ஆறு கணக்குகளுக்கு டிக் அடித்து வையுங்கள். தொடக்கத்திலிருந்து வரிசையாக ஆறை எடுக்காதீர்கள். முதல் வரியில் ஒன்று, நடுவில் எண்ணுக்குள் பூஜ்யம் வருவது ஒன்று, இரண்டு இடங்களில் கடன் வாங்க வேண்டியது ஒன்று, கடன் வாங்கவே தேவையில்லாதது ஒன்று, பக்கத்தின் கடைசிக் கணக்கு ஒன்று, வார்த்தையில் கேட்பது ஒன்று. இந்த ஆறும் சரியாக வந்துவிட்டால் மிச்சம் 14ஐப் போட்டு நீங்கள் தெரிந்துகொள்ளப் போவது எதுவும் இல்லை.

தப்பு வந்தால்தான் வேலை தொடங்குகிறது. 402 − 178 என்று ஒரு கணக்கு. ஒரு குழந்தை 376 என்று எழுதுகிறது, இன்னொன்று 324 என்று எழுதுகிறது. சரியான விடை 224. இரண்டுமே தப்புதான், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. 376 எழுதிய குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 8லிருந்து 2 போனால் 6, 7லிருந்து 0 போனால் 7, 4லிருந்து 1 போனால் 3. மேலே இருப்பதிலிருந்துதான் கீழே இருப்பது போக வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. 324 எழுதிய குழந்தை கடன் வாங்கத் தெரிந்த குழந்தை. பத்துகள் இடத்துப் பூஜ்யத்தை 9 ஆக்கி, ஒன்றுகள் இடத்தில் 12 என்று எழுதி, 12லிருந்து 8 போக 4, 9லிருந்து 7 போக 2 என்று சரியாகத்தான் போட்டிருக்கிறது. நூறுகள் இடத்து 4ஐ 3 ஆக்கத்தான் மறந்துவிட்டது.

ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் இப்படிப்பட்ட தவறுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். குழந்தைகள் பெரும்பாலும் ஏனோதானோவென்று தப்பு செய்வதில்லை, தாங்களாகவே உருவாக்கிக்கொண்ட ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றித்தான் தப்பான விடைக்கு வருகிறார்கள் என்பது அவர்கள் காட்டியது. இதைப் புரிந்துகொண்டால் துணைப் புத்தகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும். அந்த விதியைக் கண்டுபிடிக்க மூன்று நான்கு கணக்குகள் போதும். கண்டுபிடிக்காமல் 20 கணக்கைப் போடவிட்டால், தப்பான விதிக்கு 20 தடவை பயிற்சி கொடுத்ததாகிவிடும்.

324 எழுதிய குழந்தைக்கு நான் என்ன செய்வேன் என்றால், 402ஐ 300ம் 90ம் 12ம் என்று பிரித்து எழுதச் சொல்வேன். கூட்டிப் பார்த்தால் 402 வருகிறதா என்று அவளே சரிபார்க்கட்டும். 400ம் 90ம் 12ம் என்று எழுதினால் 502 ஆகிவிடுகிறது என்பதையும் அவளே பார்த்துவிடுவாள். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து மூன்றே கணக்கு: 305 − 128, 600 − 247, 541 − 218. மூன்றாவதில் மேலே பூஜ்யம் கிடையாது, வேண்டுமென்றேதான் சேர்த்தது. புதிதாகக் கற்ற தந்திரத்தைத் தேவையில்லாத இடத்திலும் போடுகிறாளா என்று அதில் தெரிந்துவிடும். விடைகள் 177, 353, 323. மூன்றும் சரியென்றால் அடுத்த வாரம் இன்னும் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று. அவ்வளவுதான்.

தப்புக் கணக்குகளுக்கென்று ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கையும் அவள் எழுதிய விடையையும் அப்படியே எழுதி, பக்கத்தில் தேதி போடுங்கள். என்னைக் கேட்டால், கடையில் வாங்கும் எந்தத் துணைப் புத்தகத்தையும்விட இந்த நோட்டுதான் உங்கள் மகளுக்குப் பொருத்தமான பயிற்சிப் புத்தகம். அவளுக்காகவே எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

“இன்னும் எத்தனை பக்கம்?” என்ற கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தை வைத்து நாளை அளந்தால் எல்லாக் குழந்தைகளும் சீக்கிரமே இதைத்தான் கேட்பார்கள். வேகமாகப் போட்டால் சீக்கிரம் எழுந்துபோகலாம் என்றால், யோசிக்காமல் போடுவதுதானே புத்திசாலித்தனம்? கடிகாரத்தை வைத்து அளங்கள். எட்டு வயதுக்குப் பாடத்துக்கு அரை மணி நேரம், துணைப் புத்தகத்துக்கு 10 நிமிடம், அதிகம் போனால் 15. மணி அடித்ததும் கணக்கின் பாதியில் இருந்தாலும் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். ஆறு டிக்கில் நான்குதான் முடிந்ததா? பரவாயில்லை, மிச்சம் இரண்டும் நாளைக்கு. ஆறும் 6 நிமிடத்தில் முடிந்துவிட்டதா? மிச்ச நேரம் அவளுடையது. அந்த நான்கு நிமிடத்தில் இன்னும் இரண்டு கணக்கைத் திணித்துவிடாதீர்கள். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை அது.

எழுதும் கையையும் கவனியுங்கள். இந்த வயதில் தலை களைப்பதற்கு முன் கை களைத்துவிடும். குழந்தை சலித்துக்கொள்வது சில சமயம் கணக்கினால் இருக்காது, எண்களைப் பார்த்து எழுதும் வேலையினால் இருக்கும். ஆறில் மூன்றை அவள் வாயால் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். படிகளை அவள் சொல்வது காதில் விழுவதால் எங்கே தடுமாறுகிறாள் என்பது விடையைப் பார்ப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வாரத்தை இப்படி அமைக்கலாம். ஐந்து நாள் உட்காருகிறீர்கள் என்றால், நான்கு நாள் புதிய பாடம். அந்த நான்கு நாளும் முதல் 10 நிமிடம் பழைய பாடத்தின் துணைப் பக்கம், அப்புறம் புதியது. பழையதை முதலில் வைப்பது முக்கியம். புதிய பாடம் முடிந்த களைப்பில் பழையதைப் போட்டால் அது கூடுதல் சுமையாகத்தான் தெரியும். ஐந்தாவது நாள் புதிய பாடம் கிடையாது. அன்றைக்கு யோசிக்க வைக்கும் புத்தகத்திலிருந்து இரண்டு அல்லது மூன்று கணக்கு மட்டும், கோடு போடாத வெள்ளைத் தாளில், வரைந்து பார்க்க நிறைய இடம் விட்டு. வருடத்துக்கு 36 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரம் மூன்று வீதம் 108 கணக்குகள். கடினமான வார்த்தைக் கணக்குகள் 108ஐ ஒரு வருடத்தில் நிதானமாக யோசித்துப் போட்ட குழந்தை, முழுப் புத்தகத்தையும் அவசரமாக முடித்த குழந்தையைவிட நன்றாகவே தேறும்.

அந்த ஐந்தாவது நாளில் உங்கள் வாய்க்கு வேலை குறைவு. அவள் மாட்டிக்கொண்டால் முதலில் கணக்கைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் “எது தெரியும்? எதைக் கண்டுபிடிக்கணும்?” என்று கேளுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் படம் வரையச் சொல்லுங்கள், அல்லது 48க்குப் பதில் 4 என்று எண்ணைச் சின்னதாக்கிக் கொடுங்கள். “இது பெருக்கல் கணக்கு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் அந்தக் கணக்கில் அவள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். 10 நிமிடம் முயன்றும் வரவில்லையா, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். அடுத்த வாரம் முதலில் அதையே எடுங்கள். தீராத ஒரு கணக்கை ஒரு வாரம் மனதில் வைத்துக்கொண்டு திரிவது குழந்தைக்கு நல்ல பழக்கம். விடையை அன்றைக்கே சொல்லி முடித்துவைக்க வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுக்குத்தான்.

முன்னே போவதா, நிற்பதா என்று முடிவெடுக்க ஒரு எளிய அளவு வைத்துக்கொள்ளலாம். நான்கு வாரம் தள்ளி வந்த துணைக் கணக்குகளில் பத்துக்கு எட்டு, உதவி இல்லாமல் சரியாக வந்தால் அந்தப் பாடம் தேறிவிட்டது, மிச்சப் பக்கங்களைத் தாண்டிப் போங்கள். ஆறு ஏழு வந்தால் தப்பு நோட்டு பார்த்துக்கொள்ளும். ஐந்தும் அதற்குக் கீழும் வந்தால் துணைப் புத்தகத்தை மூடிவிட்டுப் பாடப்புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கே திரும்புங்கள், இரண்டு மூன்று நாள் போதும். மூன்று பாடம் தொடர்ந்து அப்படி வந்தால் பாடமே வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது துணைப் புத்தகத்தை ஒரு வகுப்பு குறைத்து எடுத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. 1954இல் ஜப்பானில் டோரு கூமோன் என்ற கணித ஆசிரியர் தன் மகனுக்காகத் தாள்கள் எழுதத் தொடங்கி, பிறகு அதுவே கூமோன் முறை என்று பல நாடுகளுக்குப் பரவியது. அதிலும் குழந்தையைச் சேர்க்கும்போது வகுப்பைப் பார்க்காமல், தடையின்றி போட முடிகிற நிலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த முறையின் எல்லாமும் எனக்கு உடன்பாடு இல்லை, வாரம் முழுக்கத் தாள் தாளாகப் போடுவது எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துவராது. ஆனால் இந்தத் தொடக்கம் சரியானது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். எல்லாமே பத்துக்குப் பத்து வருகிற குழந்தைக்குத் துணைப் பக்கங்களைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நான் கை பழகும் புத்தகத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, யோசிக்க வைக்கும் புத்தகத்தை வாரம் இரண்டு நாளாக்குவேன். பாடப்புத்தகத்திலும் ஏற்கெனவே தெரிந்த பகுதிகளைத் தாண்டிவிடுவேன். தெரிந்ததையே நிறையப் போடவைத்தால், நன்றாகச் செய்தால் வேலை அதிகமாகும் என்றுதான் அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும்.

இப்போது உங்கள் வீட்டு நிலைமைக்கு வருகிறேன். பாதி வருடம் என்றால் 18 வாரம் கையில் இருக்கிறது, 8 பாடம் பாக்கி. பாடத்துக்கு இரண்டு வாரம் என்றால் 16 வாரம், இரண்டு வாரம் மிச்சம்கூட வருகிறது. நான்கு புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்ற விதியைத் தளர்த்தினால் இது எளிதில் நடக்கும். முதல் நான்கு வாரம் துணைப் புத்தகங்கள் இரண்டையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். ஐந்தாவது, ஆறாவது பாடங்களைப் பாடப்புத்தகத்திலும் பயிற்சி ஏட்டிலும் மட்டும் முடியுங்கள். தினமும் அந்த முதல் 10 நிமிடத்துக்கு, முடிந்த நான்கு பாடங்களின் துணைப் பக்கங்களில் அவள் தப்பாகப் போட்டவற்றைத் தேடி எடுத்து எண்களை மாற்றிக் கொடுங்கள். உங்கள் தப்பு நோட்டு அங்கேயே தொடங்கிவிடும். ஏழாவது பாடம் தொடங்கும் நாளில் கை பழகும் புத்தகத்தை ஐந்தாவது பாடத்தில் திறக்கலாம். யோசிக்க வைக்கும் புத்தகத்தை அப்போது முதல் பாடத்திலிருந்தே எடுங்கள், போட்டு முடித்த பக்கங்களாக இருந்தாலும் சரி. பாடத்தின் நடுவில் உங்கள் உதவியோடு போட்டவற்றைத் தனியாகப் போட வருகிறதா என்று பார்க்க அது நல்ல வாய்ப்பு.

இப்படிப் போனால் வருடக் கடைசியில் பாடப்புத்தகம் முடிந்திருக்கும், துணைப் புத்தகத்தில் கடைசி இரண்டு பாடங்களும் யோசிக்க வைக்கும் புத்தகத்தில் பாதியும் மிச்சம் இருக்கும். அவற்றை விடுமுறையில் போட்டு முடிக்க வேண்டாம். எடுத்துவைத்திருந்து நான்காம் வகுப்பின் முதல் மாதத்தில், அந்த முதல் 10 நிமிடத்துக்குப் பயன்படுத்துங்கள். விடுமுறையில் எது மறந்தது, எது நின்றது என்று அந்தப் பக்கங்களே காட்டிவிடும். புதிய வகுப்புக்கான துணைப் புத்தகத்தை இரண்டாவது மாதம் வாங்கினால் போதும்.